இலை இல்லாத முந்நூறு செடிகள்

போன மாதம் திருப்பதியில், வனத்துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்து, சால்வை போட்டு, "கத்தபண்ட மேட்டில் பெரீதச் செடிகளைக் காப்பாற்றியவர்" என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சால்வைக்குள் வேர்த்து ஊற்றியது. காப்பாற்றியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்தச் செடிகளைச் சாகடித்தவனும் நானே. அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை. எழுந்து நானே சொல்லவும் வாய் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் ஒரு பெண் தட்டோடு வந்து, "எப்படி சார் காப்பாத்தினீங்க?" என்று கேட்டாள். "அது பெரிய கதைம்மா, நீ மோர் ஊத்திக்கோ" என்று நழுவிவிட்டேன். அப்படி நழுவியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், வேலை மட்டும் தெலுங்கில். காவலர் வேலை கிடைத்தபோது என் நைனா, "போலீசுன்னாலும் திருடனைப் புடிக்கலாம். காட்டுல யாரைடா புடிக்கப் போற?" என்று கேட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். மரங்களின் பெயரைத் தெலுங்கில் சொல்லச் சொன்னார்கள், தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினோம். செம்மரக் கடத்தல்காரர்களைத் துரத்திய கதைகளை என் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். நான் துரத்தியபோது பெரும்பாலும் அவர்கள்தான் வேகமாக ஓடினார்கள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

கத்தபண்ட மேடு என் பொறுப்புக்கு வந்தது, நான் பிரிவு அலுவலராகி, ஓய்வுக்குச் சில வருடங்களே மிச்சமிருந்தபோது. பெரீத என்பது தெலுங்குப் பெயர். பார்த்தால் குட்டை ஈச்சமரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஈச்சமரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திருப்பதியைச் சுற்றியுள்ள இந்த மலைகளை விட்டால் அது தானாக முளைக்கிற இடம் வேறு கிடையாது. அவசரமே இல்லாத செடி. இடுப்புயரம் வருவதற்குள் நமக்கு வயதாகிவிடும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் உச்சியில் வரும் கூம்பை நாட்டு மருந்துக்கென்று வெட்டி விற்று, பல மேடுகளில் பெண் செடிகளைத் தனியாக நிற்க வைத்துவிட்டார்கள். எங்கள் மேட்டில் மட்டும் ஆணும் பெண்ணுமாக முந்நூற்றுச் சொச்சம் பிழைத்திருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி, குச்சியில் நம்பர் அடித்த அலுமினியத் தகடு.

வருடத்துக்கு ஒருமுறை அவற்றை எண்ணி, ஜூன் முப்பதுக்குள் பதிவேட்டில் எழுத வேண்டும். நம்பர், உயரம், உயிருடன், இறந்தது. அவ்வளவுதான் கட்டங்கள். எத்தனை உயிருடன் என்பது மேலே போகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கான நிதி கீழே வரும். தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காவலுக்கு ஆள் போடுவது எல்லாம் அந்த நிதியில்தான். ஜூன் முப்பது என்று யார் வைத்தார்கள் என்று தெரியாது. வைத்தவர் மலையை அறிந்தவராகத்தான் இருந்திருப்பார். பங்குனியில் தீ வந்தாலும் சித்திரை, வைகாசியில் நாலு கோடை மழை பெய்யும், கருகிய செடி புது இலை விடும், அதற்கப்புறம் எண்ணினால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு ரொம்ப காலம் சரியாகவே இருந்தது.

எங்கள் ரேஞ்சர் பெயர் ஓபுலேசு. கடப்பைக்காரர், ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மற்ற ரேஞ்சர்கள் பதிவேட்டைத் தாங்களே புரட்டித் தப்பு கண்டுபிடிப்பார்கள். இவர் தொடவே மாட்டார். நாம் எழுதியதை, அவர் மேசைக்கு முன்னால் நின்று, நாமே வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாம் முடித்ததும் ஒரே கேள்வி: "நுவ்வே சூசினாவா?" நீயே பார்த்தாயா என்று அர்த்தம். பொய் எழுதியவன் அந்த இடத்தில் தடுமாறிவிடுவான். ஒருமுறை நாற்றங்கால் அறிக்கையில், "செடிகள் அனைத்தும் நலம்" என்று எழுதியிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "நலமா? நீ கேட்டியா, அதுங்க சொல்லிச்சா?" என்றார். அதற்கப்புறம் நான் எந்தச் செடியையும் நலம் என்று எழுதவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், பங்குனிக் கடைசியில் மேட்டில் தீ. காவல் வேலையில் இருந்த தேசம்மா பச்சைக் கிளைகளை வைத்து அடித்து அடித்து அணைத்தாள். நகரிப் பக்கத்திலிருந்து மலையடிவார ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த மேட்டை என்னைவிட அதிகம் ஏறி இறங்கியவள். பெரீதச் செடிக்குத் தீ புதிதில்லை என்பதால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. இலை கருகும், மழை வரும், இலை வரும் என்று இருந்தேன். சித்திரையில் மழை இல்லை. வைகாசியில் இடி இடித்தது, மழை இல்லை. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி மேடேறினேன். எங்கும் கரிக்கட்டைதான். ஒரு பச்சை கிடையாது.

வெயில் மண்டையைப் பிளந்தது. முதல் ஐம்பது செடிகளைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அப்புறம் ஒரு பாறைமேல் ஏறி நின்று மிச்சத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி. நிழலில் உட்கார்ந்து, முதல் வரியில் "இறந்தது" என்று எழுதினேன். அதற்குக் கீழே பக்கம் பக்கமாக டிட்டோ போட்டேன். உயிருடன், இறந்தது என்று கட்டம் இரண்டுதான். உயிருடன் என்று எழுத ஒரு இலையாவது வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் கடைசித் தேதி என்பதால் ரேஞ்சர் ஆபீசில் பத்துப் பேர் பதிவேட்டோடு வரிசையில் நின்றிருந்தோம். என் முறை வந்ததும், "எல்லாமே போயிட்ச்சி சார், டிட்டோதான்" என்றேன். "நுவ்வே சூசினாவா?" என்றார். "சூசினேன் சார்" என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கோப்பு வந்தது. சூரிய மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயர்மின் கம்பி வழி, ஒரு தனியார் நிறுவனத்தினுடையது. வரைபடத்தை விரித்தால் நான்கு கோபுரங்கள் கத்தபண்ட மேட்டின்மேல் நின்றன. காட்டு நிலம் கேட்டால் அதில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டு, மதிப்புக் கட்டி, மாவட்டக் குழு முன்னால் வைப்பது முறை. மரத்துக்கு மதிப்பு என்பது நெஞ்சளவு உயரத்தில் நூல் பிடித்துச் சுற்றளவு எடுப்பது. பெரீத அந்த உயரத்துக்கே வராது, அதனால் மதிப்புப் பட்டியலில் அது கிடையாது. பாதுகாக்கப்பட்ட செடி என்ற வேலி ஒன்றுதான் அதற்கு இருந்தது. அந்த இடத்தில் அவர்கள் எழுதியிருந்தார்கள்: "வனத்துறைப் பதிவேட்டின்படி உயிருள்ள செடி எதுவும் இல்லை." ஆதாரம் என்று இணைத்திருந்தது என் டிட்டோ பக்கங்களின் நகல். நிறுவனத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் எழுதியதைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள். சூரிய மின்சாரமும் நல்ல காரியம்தான். வேலியைப் பிடுங்கிப் போட்டது என் கை.

மறுநாள் தேசம்மா ஆபீசுக்கே வந்துவிட்டாள். செடி இல்லை என்றால் காவலும் இல்லை, அவள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அதற்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வந்திருந்தாள்.

"இன்னா சார், எல்லாம் செத்துப்போச்சின்னு எழுதிக்கினியாமே? யாரு சொன்னா உனுக்கு?"

"பாத்தேனேம்மா. ஒரு எலை இல்லியே."

"எலை இல்லன்னா செத்துப்போச்சா? உச்சியில கைய வெச்சிப் பாத்தியா? கல்லு மாதிரி கீது. செத்திருந்தா பூச்சி துன்னுட்டு இருக்கும், அமுக்கினா பொதபொதன்னு உள்ள போவும். வா, காட்டறேன்."

அவளோடு ஏறினேன். முதல் செடியின் உச்சியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. பழைய இலைக் காம்புகள் விரலைக் கிழித்தன. பத்தாவது செடியில் விரலில் ரத்தம் வந்தது. இருபதாவதில் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். மழை வராததால் இலை விடாமல் பொறுத்துக்கொண்டு உயிரோடு நின்ற செடிகளை, தேதி வந்துவிட்டது என்பதற்காக நான் சாகடித்திருந்தேன். எனக்கு ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். கையெழுத்துப் போட்ட பதிவை நானே பொய் என்று சொன்னால் சார்ஜ் மெமோ நிச்சயம், பென்ஷன் எப்போது கைக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லாமல் இருந்தாலோ, நான் நிம்மதியாக ஓய்வு பெறுவேன், மேட்டின்மேல் கோபுரம் நிற்கும். அன்றைக்கு மலையிறங்கும்போது சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஒருமுறை இல்லை, பல முறை நினைத்தேன். தேசம்மா ஒன்றும் கேட்காமல் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவள் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை ரேஞ்சர் முன்னால் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சதுவு" என்றார். படி என்கிறார்.

"ஒன்று, இறந்தது" என்று படித்தேன். அடுத்த வரியில் டிட்டோ. நிறுத்தினேன்.

"சதுவு."

"இரண்டு, இறந்தது. மூன்று, இறந்தது. நான்கு, இறந்தது..." நாற்பது வரை படிக்க வைத்தார். எழுதும்போது ஒரு நொடியில் போட்ட டிட்டோவை, படிக்கும்போது ஒவ்வொன்றாக முழுச் சொல்லாகச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றில் என்னால் முடியவில்லை. "போதும் சார். நான் ஒண்ணையும் தொட்டுப் பாக்கல" என்றேன்.

கண்ணைத் திறந்தார். பக்கத்தின் அடியிலிருந்த தன் பச்சைக் கையெழுத்தைப் பார்த்தார். "டிட்டோன்னு நீ சொன்னப்போ நானும் படிக்க வெச்சிருக்கணும்" என்றார். "சூசினாவான்னு கேட்டேன். தொட்டியான்னு கேக்கல. உனக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்குது?"

"பதினோரு மாசம் சார்."

"எனக்கு ஆறு வருஷம். மெமோ ரெண்டு பேருக்கும் வரும். சாப்ட்டுட்டு மலைக்குக் கிளம்பு."

நான் பழைய பதிவை அடிக்கப் பேனாவை எடுத்தேன். "அடிக்காத" என்றார். "அது அப்படியே இருக்கட்டும். நாம எழுதினதுதானே. புதுத் தாள் எடு." அவரே ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் கோடு போட்டார். இலை உண்டு, உச்சி கெட்டி, உச்சி அழுகல்.

இரண்டரை நாள் எண்ணினோம். தேசம்மா முதலில் அமுக்குவாள், அப்புறம் நான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் எழுதுவது. வேறுபட்டால் ரேஞ்சர் வந்து அமுக்குவார், அவர் சொல்வதே முடிவு. டிட்டோ கிடையாது, ஒவ்வொரு வரியிலும் முழுச் சொல். மத்தியானம் ரேஞ்சர் தன் ராகிச் சங்கட்டி உருண்டையை மூன்றாகப் பிட்டு எங்களுக்கும் கொடுத்தார். அழுகல் என்று பத்தொன்பது வந்தது. மிச்சம் எல்லாம் கெட்டி. இலை உண்டு என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம் திருப்பதியில் குழு கூடியது. தலைமை ஒரு பெண் அதிகாரி. நிறுவனத்தின் பொறியாளர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். அவர் எழுந்து கேட்டது ஞாயமான கேள்வி. "ஜூன் மாசம் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஜூலையில் முந்நூறுக்குப் பக்கம் என்கிறார்கள். ஒரு புது இலைகூட இல்லை. நாங்கள் எதை நம்புவது?"

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். "ரெண்டையும் எழுதினவன் நான்தாங்க. முதல்ல எதையும் தொடாம, பாத்து மட்டும் எழுதினேன். ரெண்டாவது ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்து எழுதினேன். முதல்ல எழுதினது தப்பு."

"இப்படிச் சொல்றதால உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மெமோ கிடைக்கும் மேடம்."

ஹாலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தாவரவியல் பேராசிரியையிடம் கேட்டார். அவர் யோசித்து யோசித்துத்தான் பேசினார். தீக்குப் பிறகு இலை இல்லாமல் நிற்பது இந்தச் செடியின் இயல்புதான், மழையில்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று தனக்குத் தெரியாது, ஒன்றை வெட்டிப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரியும், ஆனால் வெட்டச் சொல்ல மாட்டேன், உச்சி கெட்டியாக இருக்கும்வரை இறந்தது என்று தான் எழுத மாட்டேன் என்றார். தெரியாது என்று ஒரு படித்தவர் அத்தனை பேர் முன்னால் சொன்னது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

முடிவு இதுதான். கோபுரங்களை மேற்குச் சரிவுக்கு மாற்றி வேறு வழி வரைய வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் செடிகள் இலை விடாவிட்டால் பழைய வழிக்கே அனுமதி. வெளியே வந்து ரேஞ்சர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "இனி வானம்தான் சாட்சி சொல்லணும்" என்றார்.

அப்புறம் காத்திருந்ததுதான் கொடுமை. ஆகஸ்ட் முழுக்க மேகம் வரும், புத்தூர் வரை வந்து திரும்பிப் போகும். மெமோ மட்டும் சரியாக வந்து சேர்ந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "உன்னை யாரு மலையேறி ஒவ்வொண்ணா அமுக்கச் சொன்னது?" என்று கேட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வாசலில் நின்று மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மெமோ எப்படி முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தப்பு என்று ஒப்புக்கொண்டு பதில் எழுதினேன். எனக்கும் ரேஞ்சருக்கும் எச்சரிக்கை கொடுத்துப் பணிப் பதிவேட்டில் எழுதினார்கள், அதோடு விட்டார்கள். கல்யாணமும் நடந்தது, பென்ஷனும் வந்தது. இன்னொரு காரியமும் நடந்தது. எண்ணிக்கைக்கு ஜூன் முப்பது என்ற தேதியை எடுத்துவிட்டு, முதல் நல்ல மழைக்கு நாற்பது நாள் கழித்து என்று மாற்றினார்கள். பதிவேட்டில் "இலையில்லை, உச்சி கெட்டி" என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். இப்போது போனில் பதிந்து எண்ணுகிறவர்களுக்கும் அந்தக் கட்டம் வருகிறது.

மழை விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வந்தது. சாரல் இல்லை, மூன்று நாள் அடித்து ஊற்றியது. பன்னிரண்டாம் நாள் காலையில் தேசம்மாவிடமிருந்து போன். "சார், வந்துட்ச்சி. இன்னான்னு கேக்காத, வந்து பாரு" என்று வைத்துவிட்டாள். ரேஞ்சரும் நானும் ஜீப்பில் போனோம். ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. மேலே போய்ப் பார்த்தால், கரிக்கட்டைகளின் உச்சியில் இளம்பச்சை. ஒன்றில், பத்தில், கண்ணுக்கு எட்டுகிறவரை எல்லாவற்றிலும் சுருண்ட இலைகள் நிமிர்ந்துகொண்டிருந்தன. நான் அழுதேன். ரேஞ்சர் வேறு பக்கம் திரும்பி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

உடனே எண்ண ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குமேல், மேட்டின் கீழ்க்கோடியிலிருந்து தேசம்மா கத்தினாள்.

"சார், இங்க வா. இந்த நம்பரு நீ அழுகல்னு எழுதினதுதானே?"

தாளைப் பார்த்தேன். ஆமாம். உச்சி பொதபொதவென்று உள்ளே போனதுதான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உச்சியில் ஒன்றும் இல்லை. ஆனால் தண்டின் பக்கவாட்டில், அடியிலிருந்து, விரல் நீளத்துக்கு ஒரு இலை. அந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு அப்படி. தேசம்மாவும் அவற்றை அழுகல் என்றுதான் சொல்லியிருந்தாள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

ரேஞ்சர் குனிந்து மூன்றையும் பார்த்தார். பிறகு, பத்து வருடமாக நான் பார்க்காத விதமாக, வாய்விட்டுச் சிரித்தார். "முனிரத்தினம், தொட்டுப் பாத்தும் மூணைச் சாவடிச்சிட்டியேய்யா!"

"ஆமா சார்" என்றேன். எனக்கும் சிரிப்பு பொங்கியது. பாறைமேல் தாளை வைத்து, மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாக, பழைய சொல் தெரியும்படி கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "உயிருடன்" என்று முழுச் சொல்லாக எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் சர்வீசில் இவ்வளவு சந்தோஷமாக எந்தத் தப்பையும் நான் திருத்தியதில்லை.